ஒன்றரை அங்குலம்

முதலில் ஒரு குதிரை.
அக்டோபரில், முள்வேலியில் சிக்கி,
முன்னங்கால் இரண்டும் போயிருந்தது.
என் பெட்டியில் ஊசிமருந்து தீர்ந்திருந்தது.
துப்பாக்கி எடுத்துவர வீட்டுக்குப் போனார் பண்ணைக்காரர்.
போய்வர இருபத்திரண்டு நிமிடம்.
அத்தனை நேரமும் குதிரை
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் ஒன்று வாங்கினேன்.
கரடிக்கு என்று அம்மாவிடம் சொன்னேன்.
கரடி என்றால் அவளுக்குப் புரிகிறது.

மொன்டானாவில் துப்பாக்கி வாங்குவது பெரிய காரியமில்லை.
அதை இடுப்பில் நிறுத்துவதுதான் பாடு.
பாண்டிபஜாரில் வாங்கிய என் பெல்ட்,
விரற்கடை அகலம், பூப்போட்ட பக்கிள்,
ஒரு கிலோ கனத்துக்கு
முதல் நாளே கையை விரித்துவிட்டது.
உறை வெளியே சாய்ந்து,
எட்டரை மணி பஸ்ஸின் படிக்கட்டுப் பயணிபோல
ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு வந்தது.
குனிந்தால் விலாவில் இடிக்கும்.
நிமிர்ந்தால் பேண்ட் இறங்கும்.
லூயிஸ்டவுன் வட்டாரத்தில்
இடுப்பில் கைவைத்தபடியே வைத்தியம் பார்க்கும் டாக்டர்
என்று பெயர் வாங்கினேன்.

சேணமும் தீவனமும் விற்கும் கடையில்
டார்லீன் சொன்னாள்:
அழகைப் பார்க்காதே.
விளிம்பு மேலே வர, ஒரு முனையைப் பிடித்து நீட்டு.
கொடியில் போட்ட துணிபோலத் தொய்ந்தால் வைத்துவிடு,
பனைமட்டைபோல நின்றால் எடு.
(டார்லீன் பனைமட்டையைக் கண்டதில்லை.
உவமை என்னுடையது.)

ஒற்றைத்தோல் பெல்ட் நல்ல வாசனை,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
நைலான் பெல்ட்டின் பூட்டு போட்ட சத்தத்தில்
கடைப்பூனை அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது.
பசுக்களிடம் அது ஆகாது.
நடுவே எஃகுத்தகடு வைத்தது நன்றாகத்தான் நின்றது,
உட்கார்ந்தபோது
என் வயிற்றை இரண்டு மாவட்டமாகப் பிரித்தது.
கடைசியில் இரட்டைத்தோல்,
ஓரம் முழுக்கத் தடித்த நூல் தையல்,
ஒன்றரை அங்குலம்.

என் பேண்டின் பட்டைக்குள் அது நுழையவில்லை.
பெண்களுக்குப் பேண்ட் தைத்தவர்கள்
எங்களுக்குச் சுமக்க எதுவும் இராது என்று
நினைத்திருக்கிறார்கள் போலும்.
அடுத்த வரிசையில் போய்
ஆண்கள் பேண்ட் இரண்டு எடுத்துவந்தேன்.

குண்டுகளைக் கழற்றிய துப்பாக்கியோடு அளவு எடுத்தாள்.
வெறும் இடுப்பு வேறு, சுமக்கிற இடுப்பு வேறு,
இரண்டு அங்குலம் கூட வை என்றாள்.
ஆறெழுத்து வரை பெயர் பொறிப்பது இலவசம்.
மங்கையர்க்கரசி என்றேன்.
பெல்ட்டின் நீளத்தைப் பார்த்தாள்.
என் இடுப்பைப் பார்த்தாள்.
வெறுமையாகவே இருக்கட்டும் என்று முடிவானது.

இரண்டு வாரம் மரக்கட்டை.
மூன்றாவது மாதம்தான் என் எலும்பைக் கற்றுக்கொண்டது.

மார்ச்சில், கிராஸ் ரேஞ்சுக்கு அப்பால்
நைலண்ட் பண்ணையில் நடுநிசி. மைனஸ் பதினெட்டு.
கிடாரிக்குத் தலைச்சன் ஈற்று.
இரண்டு குளம்பும் ஒரு மூக்குநுனியும் தெரிய
அப்படியே நின்றுவிட்டது.
கன்றிழுக்கும் சங்கிலி
முந்தைய பண்ணையின் வாளியில் கிடந்தது.
கொட்டகையில் இருந்த சணலோ தோலை அறுத்துவிடும்.

துப்பாக்கியைக் கழற்றி
பிக்கப்பில் வைத்துப் பூட்டினேன்.
பெல்ட்டை அதன் பக்கிளுக்குள்ளேயே விட்டுச் சுருக்கிட்டு
கணுக்குமேல் இறுக்கி,
அவள் முக்கும்போது இழு, விடும்போது விடு என்றேன்.
நைலண்ட் இழுத்தார். நானும் இழுத்தேன்.
பேண்ட் தன் முடிவைத் தானே எடுத்தது.
உள்ளே வாத்துப்படம் போட்ட கம்பளிக் காலுறை.
நைலண்ட் மரியாதையாக உத்தரத்தைப் பார்த்தபடி
இழுத்துக்கொண்டே இருந்தார்.

வந்தது. வழுக்கி, மொத்தமாக,
ஆவி பறக்க, என் மடியில்.

நான்காவது துளை இப்போது நீண்டுவிட்டது.
மாற்றித் தருவாயா என்று கேட்டேன்.
உத்தரவாதம் துப்பாக்கிக்குத்தான், கன்றுக்கு இல்லை என்று
டார்லீன் பூனைக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

துப்பாக்கி இதுவரை இரண்டுமுறை சுட்டிருக்கிறது.
இரண்டும் சுடவேண்டியவை.
அதைப்பற்றி இவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் அம்மா கேட்கிறாள், கரடி வந்ததா.
இன்னும் இல்லை என்கிறேன்.
பேசும்போது எதிர்ச்சுவரில்
ஆணியில் தொங்குகிறது பெல்ட்,
வலப்பக்கம் உறை உரசிய இடம் மட்டும் பளபளத்து,
உப்புக்கோடு படிந்து,
கழற்றிய பிறகும்
நான் உள்ளே இருப்பதுபோல வளைந்து.